வெட்டுப்பட்டவர் வில்லனான கதை

திருப்பதியில் ஒரு தியேட்டரில், என் அண்ணன் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போதே, அவர் கையை இரண்டாவது முறையாக வெட்டினார்கள். தியேட்டர் முழுக்க விசில். முன்வரிசையில் யாரோ காகிதத்தைக் கிழித்துத் தூவினார்கள். எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "நல்லா வோணும் நாய்க்கு" என்றாள். நாய் என்று அவள் சொன்னது என் அண்ணனை. அவளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று புரிய, முதலில் உண்மையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஊரில் இப்போது அதைச் சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை.

நாங்கள் ஆந்திராவில் புத்தூர்ப் பக்கம் பல தலைமுறையாக விவசாயம் செய்கிற தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, சண்டையில் இரண்டும். நைனா, எங்கள் அப்பா, நான் ஒன்பதாவது படிக்கும்போதே போய்விட்டார். என்னைப் படிக்க வைத்தது அண்ணன். அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். சித்தூர்–திருப்பதி ரூட்டில் பதினோரு வருஷம் போய் வந்தார். நான் இன்றைக்கு ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன் என்றால், அது அவர் நின்றுகொண்டே சம்பாதித்த சம்பளத்தில் வந்தது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை, சித்தூரில் மூன்று பேர் பஸ்ஸில் ஏறினார்கள். அதில் நடுவில் நின்றவனைச் சித்தூரில் எல்லோருக்கும் தெரியும். காலி மனையைக் கண்டால் கல் நடுகிறவன், கடை கடையாக மாமூல் வாங்குகிறவன், இரண்டு கொலை வழக்கில் பெயர் இருந்தவன். அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதையும் யாராவது போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள்.

அண்ணன் டிக்கெட் கேட்டார். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, தான் யாரென்று தெரியுமா என்று தெலுங்கில் கேட்டான். "யாரா இருந்தா இன்னாங்க, மூணு டிக்கெட்டு" என்றார் அண்ணன். அவன் எடுக்கவில்லை. அண்ணன் இரண்டு ஸ்டாப் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். புத்தலப்பட்டு வந்ததும் விசில் அடித்து பஸ்ஸை நிறுத்தி, மூன்று பேரையும் இறங்கச் சொன்னார். இறங்காவிட்டால் பஸ் நகராது என்றார். வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாம் சத்தம் போட ஆரம்பித்தார்கள். அவன் இறங்க வேண்டியதாகிவிட்டது. அவன் இறங்கும்போது பின்சீட்டில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்புக்குத்தான் தண்டனை. டிக்கெட்டுக்கு இல்லை.

மூன்றாவது நாள், அதே புத்தலப்பட்டு ஸ்டாப். அண்ணன் படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். பைக்கில் வந்தவர்கள், கம்பியைப் பிடித்திருந்த கையைக் குறி பார்த்து வெட்டினார்கள். ஒரே வெட்டு, மணிக்கட்டுக்கு மேலே. வெட்டியவன் அடியாள் இல்லை, அவனேதான். டிரைவர் பஸ்ஸை எங்கேயும் நிறுத்தாமல், ஏறியிருந்த ஜனத்தோடு, நேராகத் திருப்பதி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அதனால்தான் கை மிஞ்சியது. மிஞ்சியது என்றால், தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கிறது. விரல்கள் மடங்காது. புத்தூரில் கட்டுப் போடுகிறவரிடமும் கூட்டிக்கொண்டு போனோம். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "எலும்பா இருந்தா நான் கட்டுவேன் தாயி, இது நரம்பு" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம் நான் அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன். அப்புறம் இடது கையால் சாப்பிடப் பழகினார். அன்றிலிருந்து யார் வீட்டுக் கல்யாணத்திலும் அவர் பந்தியில் உட்கார்வதில்லை. எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு சமையல்காரர்களோடு ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவார். கேட்டால், "எனுக்கு லேட்டாதான் பசிக்குது மே" என்பார்.

பஸ்ஸில் ஐம்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். போலீஸ் வந்து கேட்டபோது ஐம்பது பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காலை ஒன்பதரை மணிக்கு, ரத்தம் தெறித்த சட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஒருத்தர்தான் பார்த்ததைச் சொன்னார். வழக்கு நிற்கவில்லை. அண்ணனுக்கு டெப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். ஆறேழு வருஷம் கழித்து, கூட இருந்தவர்களே அந்த ரவுடியை வெட்டிப் போட்டார்கள். செய்தி கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்தது என்று சொல்ல ஆசை. வரவில்லை. அலுப்புதான் வந்தது. ஒழிந்தான், அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

என்ன ஒரு முட்டாள்தனம். அவனுக்கு அப்போதுதான் வாழ்வே ஆரம்பித்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். உதவி இயக்குநர் என்று சொன்னார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். செருப்பை வாசலுக்கு வெளியே ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். இந்தச் செருப்பு விஷயத்தை ஏன் சொல்கிறேன் என்றால், நான் அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். அந்த ரவுடியைப் பற்றித் தெலுங்கில் படம் எடுக்கிறார்களாம், தமிழிலும் வருமாம். "பாதிக்கப்பட்டவங்க பக்கமும் கேக்கணும் அக்கா. ஒரு பக்கமா எடுத்தா தப்பு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குக் களி கிண்டி, நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்துப் போட்டேன். இத்தனை வருஷமாக ஒருத்தர் வந்து கேட்க மாட்டார்களா என்று காத்துக்கிடந்தவள் நான். கேட்டதும் கொட்டிவிட்டேன். கம்பியைப் பிடித்திருந்த கை, பைக், ஒரே வெட்டு, நிற்காமல் ஓடிய பஸ் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே இருந்தார்.

அண்ணனுக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது. டிக்கெட்டைக் கிழிப்பது எப்படி, நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் சொருகிக்கொள்வது எப்படி, பஸ் திரும்பும்போது எந்தச் சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து நிற்பது என்று நடுக்கூடத்தில் நடந்து காட்டினார். இடது கையால்தான் காட்டினார். கூட்டத்தை உள்ளே தள்ள அவர் எப்போதும் சொல்வது, "உள்ள போ நைனா, உள்ள போ, நடுவுல காலியா கீது பாரு." அதையும் பாட்டுப் போலச் சொல்லிக் காட்டினார். உதவி இயக்குநர் சிரித்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துகொண்டார். கிளம்பும்போது அண்ணனுடைய பழைய தோல் பையைக் கேட்டார். படம் முடிந்ததும் திருப்பித் தருகிறேன் என்றார். அண்ணன் அதைத் துடைத்து, எண்ணெய் தடவி, இரண்டு கையாலும் கொடுத்தார். வராத கையையும் சேர்த்துக் கொடுத்தார்.

படம் வந்தது. முதல் வாரமே குடும்பத்தோடு போனோம். அண்ணன் சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். என் மகள் தோழிகளுக்கெல்லாம், எங்கள் மாமா கதை படத்தில் வருகிறது என்று சொல்லியிருந்தாள்.

வந்தது. பஸ் வந்தது, புத்தலப்பட்டு ஸ்டாப் வந்தது, தோல் பை வந்தது. பையை மாட்டியிருந்தவன் வெற்றிலைக் கறை படிந்த பல்லும் தொப்பையுமாக ஒரு கண்டக்டர். ரெட்டைச் சடை போட்ட ஒரு பள்ளிக்கூடப் பெண் கம்பியைப் பிடித்து நிற்கிறாள். அவன் அவளுக்குப் பின்னால் வந்து உரசிக்கொண்டே சொல்கிறான்: "உள்ள போ நைனா, உள்ள போ, நடுவுல காலியா கீது பாரு." அதே ராகம். அண்ணனுடைய ராகம். அவன் கை அந்தப் பெண்ணின் மேல் போகிறது. பெண் அழுகிறாள். பின்சீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும் ஹீரோ எழுந்திருக்கிறான்.

அப்புறம் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். வெட்டினார்கள், விசில் அடித்தார்கள். வெட்டியதை மூன்று கோணத்தில், மெதுவாக, மேளத்தோடு காட்டினார்கள். ஹீரோ தன் துண்டை எடுத்து அந்தப் பெண்ணின் தோளில் போர்த்தி, "தைரியமா படிம்மா" என்கிறான். தியேட்டரே எழுந்து நின்றது.

ஒரு சின்ன விஷயம். படத்தில் அவன் டிக்கெட் எடுத்திருந்தான். மூன்று பேருக்கும். மீதிச் சில்லறையை வைத்துக்கொள் என்றுகூடச் சொன்னான். எனக்கு முதலில் எரிந்தது அதுதான்.

இடைவேளை விட்டதும் அண்ணன் எழுந்தார். வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். "பசங்களுக்கு பாப்கார்ன் வாங்கினு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டு வந்தார். மறுபடியும் உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தார். வலது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டிருந்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் என் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் உதவி இயக்குநருக்கு போன் போட்டேன். எடுத்தார், அதைச் சொல்லியாக வேண்டும்.

"அக்கா, படம் பாத்தீங்களா? எப்படி வந்திருக்கு?"

"எங்க அண்ணன் எந்தப் பொண்ணைய்யா தொட்டாரு?" என்று கேட்டேன்.

"அக்கா, அது உங்க அண்ணன் இல்ல. கற்பனைக் கதாபாத்திரம். முதல்லயே கார்டு போட்டிருக்கோம் பாருங்க."

"பை எங்க அண்ணனோடது. ஊரு எங்க ஊரு. வார்த்தை எங்க அண்ணனோடது. தொட்டது மட்டும் கற்பனையா?"

அப்போது அவர் சொன்னார். கோபப்படாமல், எனக்குப் பாடம் நடத்துகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். "நீங்க டீச்சர், உங்களுக்குப் புரியும் அக்கா. டிக்கெட் கேட்டதுக்காக ஹீரோ கையை வெட்டினா ஜனம் ஒத்துக்க மாட்டாங்க. அவர் மேல இருக்கிற மரியாதை போயிடும். வெட்டறதுக்கு ஒரு காரணம் வேணும். அதான்."

இந்த மனிதருக்கு நான் ஒரு விதத்தில் நன்றி சொல்ல வேண்டும். ஊரெல்லாம் மேடை போட்டுப் பேசுகிறவர்கள் சொல்லாததை அவர் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். ரவுடியை நல்லவனாகக் காட்டுவது ரவுடியோடு முடிகிற வேலை இல்லை. அவன் வெள்ளையாக வேண்டுமானால், அந்த அழுக்கு எங்கேயாவது போக வேண்டும் அல்லவா? அதை அவன் வெட்டியவர்கள் மேல் கொட்டுகிறார்கள். செத்தவர்கள் திருப்பிக் கேட்க மாட்டார்கள். பிழைத்தவர்கள் கேட்டால் கார்டு போட்டிருக்கிறோம் என்பார்கள்.

சினிமாவை சினிமாவாகப் பாரு என்று என் வீட்டுக்காரரே சொன்னார். அவரிடம் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. சினிமாவை சினிமாவாகப் பார்க்கிற ஜனம்தான், அவனுடைய நினைவு நாளுக்கு சித்தூரில் ஃப்ளெக்ஸ் வைக்கிறது. இந்த வருஷம் வைத்த ஃப்ளெக்ஸில் அவன் முகமே இல்லை. ஹீரோ முகம்தான் இருந்தது. அதற்கு மாலை போட்டு, பால் ஊற்றினார்கள். நிஜத்தில் வெற்றிலை பாக்கு மென்று மென்று கன்னம் ஒட்டிப்போயிருந்த, குட்டையான, பொடி மீசைக்காரன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. ஆறடி ஆளாக வளர்ந்துவிட்டான்.

டெப்போ எதிரில் டீ குடிக்கப் போன இடத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டே அண்ணனிடம், "படத்துல வர்ற கண்டக்டர் நீதானாமே?" என்று கேட்டிருக்கிறான். அண்ணன் அதற்குப் பிறகு டீ குடிக்க வெளியே போவதில்லை. என் பள்ளி மைதானத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பஸ் விளையாட்டு விளையாடினார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு, தோற்றவள் கண்டக்டர். ஸ்கேலால் அவள் கையை வெட்டுகிறார்கள். நான் நிறுத்தி, கண்டக்டர் கையை ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அவன் கெட்டவன் டீச்சர்."

"யாரு சொன்னது?"

"படத்துல காட்டினாங்களே" என்றது குழந்தை. எனக்கு வேலை தெரியவில்லையோ என்கிற மாதிரி பார்த்தது.

நான் யோக்கியமா? அதையும் கேட்டுக்கொண்டேன். கல்லூரியில் படிக்கும்போது புத்தூர் தியேட்டரில் இதே போன்ற படங்களை எத்தனை பார்த்திருக்கிறேன். ஹீரோ அரிவாளோடு வரும்போது ஓரத்திலிருந்து பத்துப் பேர் ஓடிவருவார்கள், பத்துப் பேரும் விழுவார்கள். விழுந்தவனுக்கு ஒரு பெயர் கிடையாது. அவனுக்கு யார் சோறு ஊட்டுவார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கைதான் தட்டினேன். அன்றைக்கு எனக்குப் பின்னால் குழந்தையோடு உட்கார்ந்திருந்தவள் வேறு யாரோ இல்லை, இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய நான்தான். அதனால் அவள் மேல் எனக்குக் கோபம் குறையவில்லை. என் மேலும் சேர்ந்து வந்தது, அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் என் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீடு சித்தூர். நல்ல மனிதர்கள். எங்கள் பக்கக் கல்யாணத்தில் பாதி தமிழ் முறை, பாதி தெலுங்கு முறை. அதில் ஒன்று, பெண்ணை மூங்கில் கூடையில் உட்கார வைத்துத் தாய்மாமன் மணவறைக்குத் தூக்கிக்கொண்டு வருவது. பக்கத்துத் தெலுங்கு வீடுகளைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட வழக்கம். இப்போது அது இல்லாமல் எங்களுக்குக் கல்யாணமே இல்லை. ஒரு பக்கம் தாய்மாமன், இன்னொரு பக்கம் மாமன் முறையில் இன்னொருத்தர் பிடிப்பார்கள். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மகள் பிறந்த அன்றைக்கே, இவள் கூடையை நான்தான் தூக்குவேன் என்று சொன்னவர். அப்போது அவருக்கு இரண்டு கையும் இருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சம்பந்தியம்மா வந்தார். முகூர்த்தப் புடவையைக் காட்டிவிட்டு, காபி குடித்துவிட்டு, தம்ளரைக் கீழே வைக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. கூடை தூக்கறதுக்கு உங்க சித்தப்பா பையன் ரெண்டு பேரு கீறாங்க இல்ல, அவங்களே தூக்கட்டுமே. உங்க அண்ணனுக்கும் கை முடியாது, பாவம்."

"முடியாதுன்னு அவரு சொன்னாரா?"

"அது இல்ல அண்ணி. எங்க சைடுல பேசிக்கினு கீறாங்க. பொண்ணத் தூக்கற விசயம் பாருங்க." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் படத்துல வர்றது… நெசமா அண்ணி?"

நான் கத்தியதை நினைத்தால் இப்போதும் தொண்டை வலிக்கிறது. சம்பந்தி என்று பார்க்கவில்லை, மரியாதை பார்க்கவில்லை. டிக்கெட் எடுக்காத ஒரு பொறுக்கிக்காக என் அண்ணனைச் சந்தேகப்படுகிறாயா என்று ஒருமையில் கேட்டேன். அவர் தூக்கினால் கூடை, இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம், புடவையை எடுத்துக்கொண்டு போ என்றேன். தெருவில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். என் மகள் உள்ளே இருந்து ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா அழுதுகொண்டே போனார். மறுநாள் மாப்பிள்ளையே வந்து, "மாமாதான் அத்தை தூக்கணும், அம்மா தெரியாம கேட்டுட்டாங்க" என்று சொன்னார். நண்பர்கள் அவர் மண்டபத்துக்குள் வரும்போது போட வைத்திருந்த அந்தப் படத்தின் இசையையும் நிறுத்தச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

எல்லோரும் என் கோபத்தைப் பாராட்டினார்கள். தங்கச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள்.

அந்த அம்மாவிடம் நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் கேட்ட கேள்வியை நான் அவருக்கு முன்பே கேட்டிருந்தேன். படம் பார்த்த பத்தாவது நாள், பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மரத்தடிக்குத் தனியாகப் போய், அன்றைக்கு பஸ் ஓட்டிய டிரைவருக்கு போன் போட்டேன். ரிட்டையராகி ரேணிகுண்டாவில் இருக்கிறார். சுற்றி வளைத்து எதையோ பேசிவிட்டுக் கேட்டேன். "அன்னிக்கு பஸ்ல பொம்பளப் புள்ளைங்க யாராச்சும் இருந்தாங்களாண்ணா?"

"பேசறது யாரு? அவன் தங்கச்சிதானே நீ?" என்றார். வைத்துவிட்டார்.

எனக்கு எல்லாம் தெரியும். ஏன் வெட்டினார்கள் என்று தெரியும், யார் சிரித்தார்கள் என்றுகூடத் தெரியும். அந்தக் கைக்கு மூன்று மாதம் மருந்து போட்டவள் நான். இருந்தும், மூன்று நிமிஷம் வந்த ஒரு காட்சி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ஒருவேளை, ஒருவேளை என்று நச்சரித்தது. ரெட்டைச் சடைப் பெண் என் கண்ணுக்குள்ளேயே நின்றாள். இல்லாத பெண். யாரோ சம்பளம் கொடுத்துச் சடை பின்னி நிற்க வைத்த பெண். பெற்ற நைனாவைவிட என்னை நன்றாகப் பார்த்துக்கொண்ட மனிதரை, அவளுக்காக நான் சந்தேகப்பட்டேன். படம் எடுத்தவர்களை மன்னிக்க முடியாததற்குக் காரணம் இதுதான். வெட்டியவன் கையைத்தான் எடுத்தான். இவர்கள் என்னை எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணம் புத்தூரில் ஒரு மண்டபத்தில். காலை பத்தரைக்கு முகூர்த்தம். மணப்பெண் அறை வாசலில் கூடையைக் கொண்டுவந்து வைத்து, அடியில் அரிசி பரப்பி, மேலே பட்டுத் துணி விரித்தார்கள். அண்ணன் வேட்டி சட்டையில் வந்து நின்றார். சித்தப்பா மகன் மேளக்காரர்களைப் பார்க்கப் போயிருந்தான். அறைக்குள் என் மகளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"டிரைவரண்ணன் சொன்னாரு மே" என்றார்.

காலில் விழுந்துவிடலாமா என்று பார்த்தேன். கொஞ்சம் தள்ளி மண்டபத்தில் நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "அண்ணா" என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அழுவாத. மை கலைஞ்சிடும்." கூடையின் விளிம்பைச் சரி பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார். "நீ கேட்டதுல தப்பில்ல. நானும் அவரத்தான் கேட்டேன். உனுக்கு முன்னாடியே கேட்டேன்."

"இன்னாது கேட்ட?"

"படம் பாத்துட்டு வந்ததுலேர்ந்து நெனச்சிக்கினே இருந்தேன். பதினோரு வருசம் கூட்டத்துல பூந்து பூந்து போனவன் நானு. தெரியாம எந்தப் பொண்ணு மேலயாச்சும் கை பட்டிருந்து, அது பயந்துக்கினு சொல்லாம இருந்துடுச்சோ இன்னாவோ. அதுக்குத்தான் இது நடந்துச்சோன்னு தோணிப்போச்சு. நீ எதுனா பாத்திருக்கியாண்ணா, மறைக்காம சொல்லுன்னு கேட்டேன் அவர."

"அவரு இன்னா சொன்னாரு?"

"பைத்தியமாடா உனுக்குன்னு திட்டினாரு."

அதற்குள் கதவு திறந்தது. என் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து கூடையில் உட்கார வைத்தார்கள். சித்தப்பா மகன் ஓடிவந்து அந்தப் பக்கம் பிடித்தான். மேளம் ஆரம்பித்தது. அண்ணன் வலது முன்கையைக் கூடையின் அடியில் கொடுத்து, இடது கையால் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தூக்குவதற்கு முன்னால், தான் தோளில் போட்டு வளர்த்த என் மகளிடம் தலையைக் குனிந்து சொன்னார்.

"பாப்பா, மாமா தூக்கறேன். மேல எங்கனா கை பட்டுச்சுன்னா சொல்லிடு."